நாற்பத்திரண்டாம் அளவு

அரேகிப்பாவில் என் காலுக்கு ஷூ கிடையாது.
பெண்களுக்கு அங்கே
முப்பத்தொன்பதோடு உலகம் முடிந்துவிடுகிறது.
கடைக்காரர் என் பாதத்தைப் பார்ப்பார்,
பிறகு ஆண்கள் பக்கம் கைகாட்டுவார்.
மரியாதையாகத்தான்.

அதனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை
பெரிய பெட்டியைக் காலியாக உருட்டிக்கொண்டு
எஸ்தோனியாவுக்கு வருகிறேன், வில்யாண்டிக்கு,
அண்ணன் வீட்டுக்கு.
எங்களைப் பார்க்க வருகிறாயா, கடை பார்க்கவா
என்பாள் அண்ணி டீயு.
இரண்டும் ஒரே தெருவில்தானே இருக்கின்றன
என்பேன்.

வறுத்த தானிய மாவு ஆறு பொட்டலம்.
கிலு மீன் டின், எண்ணவில்லை.
மரப்பிடி போட்ட பாத்திர பிரஷ் மூன்று.
(பெருவில் பிரஷ் இல்லையா?
இருக்கிறது. வழவழவென்று இருக்கிறது.)
கம்பளி நூல் எட்டுக் கண்டு.
இதற்குத்தான் டீயு விழுந்து விழுந்து சிரித்தாள்:
அல்பாகா மேய்கிற ஊருக்கு
ஆட்டு மயிர் கொண்டுபோகிறவள் நீ ஒருத்திதான்.
அது மெத்து மெத்தென்றிருக்கும், டீயு.
குத்துகிற கம்பளி அங்கே யாரும் செய்வதில்லை.

ஷூக் கடையில்
ஹெலேரின் என்று சட்டையில் குத்தியிருந்த பெண்
ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்,
அக்டோபரில் கடையை மூடுகிறோம்.
பிறகு எங்கே வாங்குவது என்று கேட்டேன்.
இணையத்தில் வாங்கலாம், எங்கே இருந்தாலும் அனுப்புவார்கள்
என்றாள். நான் இருக்குமிடத்தைச் சொன்னேன்.
உள்ளே போய் இன்னும் நாலு பெட்டி எடுத்துவந்தாள்.

ஒரு ஜோடி இரண்டரை வருஷம் உழைக்கும்.
ஐந்து ஜோடி.
வழியெல்லாம் பெருக்கிக்கொண்டே நடந்தேன்:
இனி பன்னிரண்டு வருஷம்
ஷூவுக்காக வரவேண்டியதில்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவு எடை போட்டோம்.
ஷூவுக்குள் நூல், நூலுக்குள் டின்.
குளியலறைத் தராசில் பெட்டியை வைத்தால்
எண் தெரியாது, மறைத்துவிடும்.
எப்போதும்போல உர்மாஸ்
பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறி நின்றான்.
நான் குனிந்து படித்தேன்: நூற்றுப் பதினேழு.
பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறினான்:
தொண்ணூற்றொன்று.

இருபத்தாறு, மூன்று கிலோ கூடுதல் என்று
அவன் உடனே கழித்துச் சொல்லிவிட்டான்.
நான் இன்னும் தொண்ணூற்றொன்றிலேயே நின்றேன்.
போன தடவை
இதே தராசில், இதே சட்டையில்,
நூற்று நாலு.

சைக்கிள் ஓட்டுகிறேன், என்றான்,
நான் எதுவும் கேட்காதபோதே.
டீயு குழாயைத் திறந்தாள்.
கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

பெட்டியைத் திறந்து தரையில் உட்கார்ந்தேன்.
ரொட்டியை எடு, அதுதான் கனம், என்றான்.
ரொட்டியை எடுக்கவில்லை.
பிரஷை எடுக்கவில்லை.
இரண்டு ஜோடி ஷூவை
வயிற்றில் இருந்த டின்களோடு வெளியே எடுத்து
அவன் அலமாரியில், கோட்டுகளுக்குக் கீழே,
சுவரோடு ஒட்டி வைத்தேன்.

இது எதற்கு இங்கே?
அப்புறம் எடுத்துக்கொள்கிறேன்.
மூன்று வருஷம் கழித்தா?
நவம்பரில்.

நான் ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னது
அதுதான் முதல் தடவை.
நவம்பரில் இங்கே சகதிதான் இருக்கும், என்றான்.
அதற்குத்தானே ஷூ, என்றேன்.
தராசைக் காலால் தள்ளி
தொட்டிக்கு அடியில் விட்டான்.

லிமாவில் மோப்ப நாய் என் பெட்டியருகே உட்கார்ந்தது.
அதிகாரி ஷூவிலிருந்து நூலை உருவி
நூலிலிருந்து மீனை உருவி
எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு
விற்கவா, என்றார்.
காலைக் காட்டினேன்.
போகச் சொல்லிவிட்டார்.

இப்போது வில்ஃப்ரெடோ
மேசையில் நவம்பர் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி பார்க்கிறார்.
ஒரு ஜோடி ஷூவுக்கா, என்கிறார்.

இரண்டு ஜோடி, என்கிறேன்.